தாயின் பெயருக்கு வந்த பால்

1

ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் கட்டடத்தின் வெளிப்படியில் உட்கார்ந்து ஒரு குழந்தை கோழிக்கால் தின்றுகொண்டிருந்தாள். கோழிக்கால் என்றால் கடதாசிக் கோழிக்கால். பேரங்காடிக்காரர்கள் கிழமைக்கொரு தடவை கதவுப்பிடியில் தொங்கவிட்டுப் போகும் மலிவு விற்பனைத் தாளில் அது அச்சாகியிருந்தது. ஓரத்தைக் கிழித்தாள், வாயில் வைத்தாள், சப்பினாள், விழுங்கினாள். மூன்றாவது துண்டை நான் பிடுங்கிக்கொண்டேன். அவள் அழவில்லை. பிடுங்கியவனைப் பார்த்து அழக்கூட அந்த உடம்பில் தென்பு இல்லை. உதடும் நகமும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு நான் வந்து இறங்கிய மாதம் வரும்போதெல்லாம் ஊரிலிருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதுவது என் வழக்கம். முதல் சில வருடங்கள் பனியைப் பற்றி எழுதினேன். பிறகு பிரெஞ்சைப் பற்றி. பிறகு என் பேரப்பிள்ளைகள் என்னோடு கதைப்பதை நிறுத்தியது பற்றி. முப்பத்துமூன்றாவது வருடமான இந்த முறை பாலைப் பற்றி எழுதுகிறேன். கனடா என்றதும் பாலும் தேனும் ஓடுகிறது என்று அங்கே நினைக்கிறீர்கள். தேனைப் பற்றி எனக்குத் தெரியாது. பால் ஓடுகிறது. அது எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கதை.

2

குழந்தையின் பெயர் அக்சரா. வயது இரண்டரை. மாடியில் குடியிருக்கும் தர்சினியின் மகள். நான் கீழ்வீட்டில், மனைவி காலமான பிறகு தனியாக, எனக்கு நானே சமைத்துக்கொண்டு இருக்கிறேன். தர்சினியும் புருசன் நகுலனும் வன்னியிலிருந்து வந்தவர்கள். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. நகுலன் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்கிறான். தர்சினி அப்போது இரண்டாவது பிள்ளையை ஐந்து மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்கு இங்கே பால், முட்டை, ஆரஞ்சுத் தோடஞ்சாறு வாங்கக் கூப்பன் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு கையேடும் உண்டு. அதன் அட்டையில் பொன்னிறத் தலைமயிர்க்காரி ஒருத்தி குவளை நிறையப் பாலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பாலைப் பார்த்து இவ்வளவு சிரிக்கிற மனிதரை எழுபத்தொன்பது வயதுவரை நான் கண்டதில்லை. உள்ளே பிரெஞ்சில் பன்னிரண்டு பக்கம். கர்ப்பிணி இதைக் குடித்தால் பிள்ளை நிறையோடு பிறக்கும் என்று எழுதியிருக்கிறது. இருக்கலாம். கர்ப்பிணி குடித்தால்.

நான் ஊரில் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் பரிசோதகராக இருந்தவன். உள்ளே வந்த சாமான் வெளியே எங்கே போனது என்று பார்ப்பதுதான் என் தொழில். அது உடம்பில் ஊறிவிட்டது. இங்கே பால் பையில்தான் வரும். ஒரு பெரிய பைக்குள் மூன்று சிறிய பை, எல்லாம் சேர்த்து நான்கு லீற்றர். கிழமை முடிவில் மாடிவீட்டுக் குப்பையிலிருந்து வெறும் பைகள் காற்றில் பறந்து வந்து என் வாசலில் ஒட்டும். அவற்றைப் பொறுக்குகிறவனுக்கு எண்ணிக்கை தெரியாமல் இருக்காது. அந்தக் கடதாசிச் சம்பவத்துக்குப் பிறகு படியில் மறித்துக் கேட்டேன்.

“தர்சினி, அந்தப் பாலெல்லாம் ஆர் குடிக்கிறது?”

“ஏன் மாமா? அக்சராதான். அவள் வேற ஒண்டும் தின்னமாட்டாள். போத்தலைக் குடுத்தால் சத்தமில்லாமல் இருப்பாள்.”

“நீ?”

“ஐயோ, பச்சைப்பால் வாசமே எனக்கு வயித்தைப் பிரட்டுது. குடிச்சால் அரைமணித்தியாலம் நிக்காது.”

“முட்டை?”

“அவருக்கு. நிண்டு வேலை செய்யிற மனிசன்.”

“தோடஞ்சாறு?”

“அது குளிர். வயித்துப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் எண்டு அம்மா போனில சொன்னவா. அதுவும் அவருக்குத்தான், கொஞ்சம் சூடுகாட்டி.”

சூடுகாட்டிய தோடஞ்சாறு! அதையும் ஒரு மனிதன் குடித்திருக்கிறான்.

“அப்ப உனக்கு?”

“பாணும் தேத்தண்ணியும் இறங்குது மாமா. காணும்.”

மேலே கதவைத் திறந்து நகுலன் எட்டிப் பார்த்தான். “என்ன ஐயா, எங்கட வீட்டு முட்டைக்கும் கணக்கெடுப்போ? கோழியிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ!” என்று சிரித்தான். சிரிக்கட்டும். தாயின் பெயருக்கு வந்த மூன்று சாமானில் ஒன்றுகூடத் தாயின் வாய்க்குள் போகவில்லை.

“பால் உனக்கு ஒத்துவராதெண்டால் எடுக்காமல் விடன்” என்றேன்.

மாடியிலிருந்து குதி என்று நான் சொன்னது போல என்னைப் பார்த்தாள். “எடுக்காட்டி வெட்டிப்போடுவினம் மாமா” என்றாள்.

3

‘வெட்டிப்போடுவினம்.’ இந்தச் சொல்லை இந்த நாட்டில் எந்தத் தாதிக்கும், எந்த உணவு ஆலோசகருக்கும் விளங்கப்படுத்த முடியாது. எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது விளங்கும்.

நிவாரணக் காலத்தில் நான் பரிசோதித்த கடைகளில் வாசல் திறக்க முன்னமே பெண்கள் நிற்பார்கள். ஒரு கிழமை வராமல் விட்டால் அந்தக் கிழமைச் சாமான் போய்விடும். அடுத்தடுத்து விட்டால், “இவைக்குத் தேவையில்லைப் போல” என்று மனேச்சர் பெயருக்கு மேலே கோடு இழுப்பார். இழுத்த கோட்டை அழிப்பதற்கு விதானையார் வீட்டுக்கும் உதவி அரசாங்க அதிபர் பணிமனைக்கும் நடந்து செருப்புத் தேயவேண்டும். ஆகவே வீட்டில் ஒருவருக்கும் கோதுமைமா ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மாவை எடுப்பார்கள். புழுத்த பருப்பையும் எடுப்பார்கள். எடுத்ததை யாராவது தின்றே ஆகவேண்டும். கொட்டினதை யாராவது கண்டால் அதுவும் கோடு இழுக்க ஒரு காரணம்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று சத்துமாவும் கொடுத்தார்கள். அதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். சீனி போட்டுக் குழைத்து உருண்டை பிடித்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒவ்வொன்று. புருசனுக்கு இரண்டு. கர்ப்பிணிக்குச் சட்டியில் ஒட்டியது. இதைத் தியாகம் என்று எங்கள் ஆட்கள் மேடையில் புகழ்வார்கள். நான் இதை மூடத்தனம் என்பேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு சட்டி வழித்துத் தின்பதில் என்ன பெருமை? அரசாங்கம் ஒரு வாயைக் காட்டிச் சாமான் அனுப்பும். வீடு அதை இன்னொரு வாய்க்கு அனுப்பும். இரண்டு பக்கமும் இது தெரிந்தும் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. கேட்காமல் இருந்தால்தானே ஆண்டறிக்கையில் ‘பயனடைந்த தாய்மார்’ என்று எழுதலாம்.

தர்சினி, நான் ஊரை விட்ட பிறகும் நீண்ட அந்த வரிசையில், தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள். கனடாவுக்கு வந்தும் அவள் இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறாள். கூப்பனை ஒருநாளும் பிந்தவிடமாட்டாள். உறைபனியில் வயிற்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் பாலை எடுத்து வருவாள். கொட்டக்கூடாது, பழுதாக விடக்கூடாது. மிச்சம் இருப்பது ஒரு சின்ன வாய். போத்தல் போத்தலாக அதற்குள் ஊற்றினாள்.

4

குழந்தை படியேற இளைக்கிறாள் என்று கண்ட பிறகு வற்புறுத்திச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். இரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்டபோது, பிரெஞ்சு தெரியாத தர்சினி என்னை அழைத்துப் போனாள். என் பிரெஞ்சு பெரிய பிரெஞ்சு அல்ல. வேற்று நாட்டவருக்கான வகுப்பில் ஓய்வு வயதில் படித்தது. ஆனாலும் வேலைக்காகும்.

மருத்துவர் ஒரு இளம்பெண். என் மூத்த பேத்தியை விட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். கணினியைப் பார்த்தபடி சொன்னாள்: பிள்ளைக்கு இரும்புச்சத்து மிகவும் குறைந்துவிட்டது. இரத்தம் தண்ணீராகிக்கொண்டு வருகிறது. கடதாசி தின்பதும் அதனால்தான். இரும்புச்சத்துத் துளி மருந்து தருகிறேன். ஒரு மாதத்தில் திரும்ப இரத்தம் பார்க்கவேண்டும். ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து இரத்தம் ஏற்றவேண்டி வரும்.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த தர்சினியின் கை நின்றுவிட்டது.

பிறகு மருத்துவர் கேட்டாள்: “நாளுக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள்?”

மொழிபெயர்த்தேன்.

“ஒரு சின்னக் கப் எண்டு சொல்லுங்கோ மாமா” என்றாள் தர்சினி, என்னைப் பார்க்காமல்.

“பொய் சொல்லாதை.”

“மாமா, அது என்ர பேருக்கு வந்த பால். பிள்ளைக்குக் குடுத்ததெண்டால் எழுதிப்போடுவினம். வழக்குக்கு நாள் வருது. பிள்ளை பாக்கத் தெரியாத தாய் எண்டு இவளையும் எடுத்துக்கொண்டு போயிடுவினம். கெஞ்சிக் கேக்கிறன்.”

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அப்போது தர்சினியில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளையின் இரத்தம் தண்ணீராகிறது என்று கேட்ட பிறகும் இவள் கூப்பனுக்குப் பயப்படுகிறாள். நான் மருத்துவரைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னேன்: தாய்க்கு என்று கொடுக்கும் பால் முழுவதையும் இந்தச் சின்னவள்தான் குடிக்கிறாள். நாளுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாது. தாய் ஒரு சொட்டும் குடிப்பதில்லை.

தர்சினிக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் கேட்ட கேள்வி என்ன, நான் சொன்ன விடை எவ்வளவு நீளம் என்பது தெரியும். ஒரு சின்னக் கப்புக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை.

மருத்துவர் சொன்னாள்: பால்தான் காரணம். பசும்பாலில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. வயிற்றை நிரப்பிச் சாப்பாட்டை மறித்துவிடும், மற்றச் சாப்பாட்டில் உள்ள சத்து உடம்பில் சேரவும் விடாது. நாளுக்கு இரண்டு சிறிய கப்புக்கு மேல் வேண்டாம். போத்தல் வேண்டவே வேண்டாம். துளி மருந்தைப் பாலோடு அல்ல, தோடஞ்சாற்றோடு கொடுங்கள். தாய்க்குப் பால் ஒத்துவராவிட்டால் எடுக்கத் தேவையில்லை, அதற்காக ஒருவரும் எதையும் நிறுத்தமாட்டார்கள்.

நல்ல பிள்ளை, திட்டவில்லை, எழுதிக்கொண்டும் போகவில்லை. ஆனால் நான் நினைத்தது வேறு. பன்னிரண்டு பக்கக் கையேட்டில் இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லையா? ‘இந்தப் பால் வீட்டிலுள்ள குழந்தைக்கு அல்ல’ என்று ஒரு வரி? பொன்னிறத் தலைமயிர்க்காரியின் பல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் தர்சினி சொன்னாள்: “நீங்கள் என்னைக் காட்டிக் குடுத்திட்டியள்.”

காட்டிக் கொடுக்கப்பட்டவர்கள் வீடு திரும்பாத வன்னியிலிருந்து வந்த ஒருத்தி அந்தச் சொல்லைச் சும்மா சொல்லமாட்டாள். பேருந்தில் எனக்குப் பின்னால் நான்கு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். எனக்கு வருத்தம் இல்லை. திரும்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

5

அதற்குப் பிறகு மாடிவீடு என்னோடு கதைக்கவில்லை. நகுலன் மட்டும் படியில் கண்டால் “என்ன ஐயா, சுகமோ” என்பான். குரலில் பகிடி இல்லை.

கதைக்காவிட்டாலும் கூரை கதைத்தது. போத்தலை நிறுத்திய முதல் மூன்று நாளும் அக்சரா மேலே கிடந்து கத்தினாள். அவளுக்கு அவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இடையில் தர்சினியின் குரல்: “இல்லையம்மா, பால் முடிஞ்சுது. மாடு போயிட்டுது.” பிறகு இரண்டுபேரும் சேர்ந்து அழுவது. நான் வானொலியைக் கூட்டி வைத்தேன்.

பால் பை வருவது மட்டும் நிற்கவில்லை. ஒருவரும் வெட்டமாட்டார்கள் என்று மருத்துவர் சொன்னதை அவள் நம்பவில்லை. எந்த அரசாங்கம் சொன்ன எதை அவள் நம்பியிருக்கிறாள்? பாலை எடுத்து வந்து தயிர் போடத் தொடங்கினாள் என்று நகுலன் சொன்னான். தயிர் அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதாம். “மாமிக்குத் தெரியாது ஐயா, தெரிஞ்சால் தயிரும் குளிர் எண்டு போனில பேசுவா. இவள் ஒளிச்சுச் சாப்பிடுறாள்” என்றான். தாயின் பெயருக்கு வந்த பாலில் முதல் கரண்டி தாயின் வாய்க்குள் போனது அப்படித்தான், திருட்டுத்தனமாக. இந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தயிர் தெரியாதா? கடை அலுமாரி முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூப்பனில் மட்டும் பால்தான் போடவேண்டும் என்று எவன் முடிவெடுத்தானோ, அவன் வீட்டில் ஒருவருக்கும் பாலால் வயிறு பொருமியிருக்காது.

வியாழக்கிழமைகளில் தேவாலய நிலவறையில் ஏழைகளுக்கு உணவுப்பெட்டி கொடுப்பார்கள். நகுலனுக்கு வேலை என்பதால் தூக்கிவர நான் போவேன். கோபத்திலும் அதைத் தர்சினி நிறுத்தவில்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வருவேன். ஒருமுறை அதைத் திறந்து பார்த்தேன். கலர் கலராகச் சீனி பூசிய தானியப் பெட்டி இரண்டு. பூசணிக்காய்க் கூழ் ஒரு தகரம். பெயரே வாயில் நுழையாத சிவப்புப் பழச் சாறு. பஞ்சு மாதிரி வெள்ளைப் பாண். கடலை வெண்ணெய். தின்னப் பிடிக்காதவர்கள் அலுமாரியைத் துடைத்துவிட்டுக் கொடுத்த தருமம் இது. இந்தத் தகரங்களின் விலைக்கு ஒரு கிலோ பருப்பும், ஒரு கட்டுக் கீரையும், கொஞ்சம் நெத்தலியும் கொடுத்தால் தர்சினி மாதிரி ஒருத்தி ஒரு கிழமை சமைப்பாள். அதை ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் ஆட்களையும் சொல்லவேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நம்மூர்க்காரர் ஒருவர் வீதிமுனையில் புதிய வாகனத்தை நிறுத்திவிட்டு, விலைகூடிய கடையின் பையை மடித்துக் கொண்டு வந்திருந்தார், வாங்கிப் போவது போல இருக்கட்டும் என்று. என்னைக் கண்டதும், “அண்ணை, சும்மா பாக்க வந்தனான்” என்றார். பார்த்தார். இரண்டு பெட்டி நிறையப் பார்த்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றைக் கடந்து புரோசார்ட் புறநகருக்கு, என் மூத்த மகன் வீட்டுக்குப் போனேன். பேத்திகள் “பொன்சூர் தாத்தா” என்று பிரெஞ்சில் தொடங்கி அதிலேயே முடித்தார்கள். மத்தியானத்துக்குக் கடதாசிப் பெட்டிகளில் பொரித்த கோழித்துண்டு வந்தது, கூடவே ஒரு போத்தல் இனிப்புச் சோடா. எனக்கென்று வைத்த சோற்றைக் கண்டு இளையவள் முகத்தைச் சுளித்தாள்.

மகனிடம் சொன்னேன்: “மாடிவீட்டுப் பிள்ளைக்கு இரத்தம் குறைஞ்சு போச்சு.”

“பாவம் அப்பா. சனத்துக்குச் சாப்பாட்டைப் பற்றி அறிவில்லை” என்றான், கோழித்துண்டைச் சிவப்புக் குழம்பில் தோய்த்தபடி.

அவன் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பார்க்க எந்த அரசாங்கமும் வராது. அவன் பிள்ளைகள் என்ன தின்கிறார்கள் என்று எந்த மருத்துவரும் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடமாட்டார். காசு கொடுத்து வாங்கிய குப்பைக்கு விளக்கம் தேவையில்லை. இலவசமாக வந்த பாலுக்குத்தான் ஒரு தாய் பயந்து நடுங்கிப் பதில் சொல்லவேண்டும். மகனுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சோடா ஊற்றிக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன்.

6

இரண்டாவது இரத்தப் பரிசோதனைக்கு முந்திய ஞாயிறு மத்தியானம் மேலிருந்து குரல் வந்தது.

“மாமா, இண்டைக்குச் சமைக்காதேங்கோ. மேல வாங்கோ.”

போனேன். மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்கள் கோபம் தீர்ந்ததைச் சோறு போட்டுத்தான் சொல்வார்கள். விருந்தாளி முதலில் தின்னவேண்டும், வீட்டார் நின்று பரிமாறவேண்டும் என்ற பழைய முறையையும் இவள் விடவில்லை. என்னை மேசையில் இருத்திச் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு, பருப்பு, கீரை, வெங்காயம் போட்டுப் பொரித்த நெத்தலிக் கருவாடு எல்லாம் வைத்தாள். வயிறு முன்னுக்குத் தள்ளியிருந்தது. முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

“நாளைக்கு நீங்கள்தான் வரவேணும் கதைக்க” என்றாள்.

“ஓம், வாறன்.”

“மருந்து தவறாமல் குடுக்கிறன் மாமா. அதால அவளுக்குப் பல்லுக் கறுத்துப் போச்சு, பரவாயில்லை. ஆனால் சாப்பாடு இன்னும் இறங்குதில்லை. பின்னால ஓடி ஓடி ரெண்டு வாய். மிச்சத்தைத் துப்புறாள். ஏறாட்டி…” அகப்பையைக் கழுவப் போனாள்.

“சனியன் பிடிச்ச பால்” என்றேன்.

“பாலைப் பேசாதேங்கோ மாமா. பால் என்ன செய்யும்.”

அக்சரா நிலத்தில் ஒரு பிளாஸ்ரிக் மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு எழும்பினாள். பக்கத்துக் கதிரையில் வயிற்றால் ஏறி, முட்டுக்காலில் நின்று என் கோப்பையைப் பார்த்தாள். நான் என் வாயில் ஒரு நெத்தலியைப் போட்டேன். அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் ஒரு நெத்தலியைத் தூக்கி, முன்னும் பின்னும் பார்த்து, நுனியைக் கடித்தாள். துப்பவில்லை. இன்னொன்று எடுத்தாள். சோறு ஒட்டிக்கொண்டு வந்தது, அதையும் சேர்த்து.

“தர்சினி, இஞ்சை பார்…” என்று வாயெடுத்தேன்.

“மாமா!” அடுப்படியிலிருந்து அவள் அடிக்குரலில் சொன்னாள். அவள் முதலே கண்டுவிட்டாள். ஈரக்கையோடு, மூச்சுவிடாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். “கதையாதேங்கோ. அங்கால திரும்புங்கோ. ஆரும் பாத்தால் விட்டிடுவாள்.”

நான் யன்னல் பக்கம் திரும்பினேன். எதிர்வீட்டுக்காரன் வாகனத்தின் மேலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். மேசையில் என் கைக்குப் பக்கத்திலிருந்த கோப்பை மெல்ல மெல்ல அங்கால் இழுபட்டுப் போனது. நான் திரும்பவில்லை.